வலது செருப்பு வந்த வழி

கண்டத்தைக் கடக்கும் ரயிலில் சொந்தக்காரர் ஏறிய அன்றே, யாரோ இழுத்த சூட்கேஸ் இடித்து, அவர் கழற்றிவிட்ட வலது செருப்பு ரயில் பெட்டியின் பின்கோடிக்குப் போய்விட்டது. இடது செருப்பு சீட்டுக்கு அடியில், அதன் கம்பியில் மாட்டிக்கொண்டு தனியாகத் தவித்தது. ஒற்றைச் செருப்பை யார் போட்டுக்கொண்டு இறங்குவார்கள்?

வண்டி பிரேக் போடும்போதெல்லாம், "இந்தக் குலுக்கல் அவனை இன்னும் எங்கே தள்ளுதோ" என்று இடது செருப்பு திட்டியது.

கடைசி ஸ்டேஷன் வந்தது. சீட்டிலிருந்து இறங்கிய கால்களில் ஒன்றுக்கு மட்டும் செருப்பு கிடைத்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வேர்க்கடலைத் தோலும் தூசியுமாக வலது செருப்பு சறுக்கி வந்து பக்கத்தில் நின்றது.

"எப்படிடா வந்தே?"

"பிரேக் போடுறப்பல்லாம் ஒரு விரக்கடை முன்னால சறுக்கினேன். ஒவ்வொரு ஸ்டேஷனா வந்து சேர்ந்தேன்."

"நாங்க எல்லாரும் கண்டத்தை உட்கார்ந்தே கடந்தோம்டா," என்றது இடது செருப்பு. "நீ ஒருத்தன்தான் நடந்து வந்திருக்கே."