முன்னறையில் இரண்டு செத்தல் மிளகாய்

மார்ச் மாத மத்தியானம். வெளியே குவிந்த பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சமையலறை முழுவதும் வெள்ளையாக நிற்கிறது. மேசையில், ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய லீக்ஸ் கட்டுக்குப் பக்கத்தில், இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் வாடகைக்குக் கிடைக்கும் படகுவீட்டின் வரைபடம் கிடக்கிறது. ஊறவைக்க எடுத்த கடலையில் நாலைப் பொறுக்கி, கௌசி கட்டிலுக்கொன்றாக அதில் வைக்கிறாள். தனக்கொன்று, கணவன் ஜெயதரனுக்கொன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. லண்டனில் அவளுடைய அக்கா ஹரோவிலும் தங்கை குரொய்டனிலும் இருக்கிறார்கள். அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கில் சண்டை பிடித்தவர்கள் நான்கு வருடமாகக் கதைப்பதில்லை. விடுமுறைக்கு அங்கே போய் ஒருத்தி வீட்டில் தங்கினால் மற்றவள் கோபிப்பாள் என்றுதான் ஜெயதரன் படகில் தங்கலாம் என்றான்; இந்தப் படகைத் தெரிவு செய்தவள் கௌசி.

"நாலு பேருக்கு ஏனப்பா ஆறு கட்டில்? சின்னப் படகே காணும்," என்கிறான், மடிக்கணினியிலிருந்து தலை தூக்காமல். கௌசி எழுந்துபோய்ப் போத்தலிலிருந்து காய்ந்து சிவந்த இரண்டு செத்தல் மிளகாய் எடுத்து வருகிறாள். படகின் முன்னறையில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு கட்டில்களில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். ஒன்றின் காம்பு மற்றதில் முட்டுகிறது.

ஜெயதரனின் விரல் விசைப்பலகையில் நின்றுவிடுகிறது. "ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சே?"

"அக்கா வாறது தங்கச்சிக்குத் தெரியாது. தங்கச்சி வாறது அக்காவுக்குத் தெரியாது."

"தெரிஞ்சவுடன இறங்கிப் போயிடுவினம்."

கௌசி மிச்சக் கடலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். "நடு ஆத்திலையோ? ரெண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது."