ரவேனியோவின் மூன்று இடங்கள்

"ஒரே பையன் மூணு இடத்துல சாப்பிடுறான்" என்றேன். மேசையைச் சுற்றி இருந்த மூவரும் என்னை முறைத்தார்கள், நானே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி.

எங்கள் பாராமாரிபோ நகரத்தில் பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பாடம் சொல்லித்தரும் சங்கங்களுக்குக் குறைச்சலே இல்லை. கோயில்காரர்களுக்கு ஒன்று, ஜாவாக்காரர்களுக்கு ஒன்று, தேவாலயத்துக்கு ஒன்று. ஒருவர் பிள்ளையை இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் என் வேலை.

முதல் தடவையாகச் சேர்த்தேன். முதல் தடவையே வில்லங்கம்.

ரவேனியோ அமியெம்பா, வயது பதிமூன்று. பிறந்த தேதி, தாயார் பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், எல்லாம் மூன்று பட்டியலிலும் அச்சு அசல் ஒன்றே.

ஒரு பிள்ளைக்கு ஓர் இடம்தான். நாற்பது பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு இடங்களில் அவன் பெயரை நான் அடித்தாக வேண்டும். பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் மூன்றிலும்.

"எங்ககிட்டயே இருக்கட்டும் முரியல் தங்கச்சி" என்றார் கோயில் சங்கத்து பிசேசர் அண்ணன். "நல்ல பையன். என்ன, வாய்தான் ஜாஸ்தி. ஒரு ரொட்டி தின்னு முடிக்கிறதுக்குள்ள ஊர்க்கதை மொத்தமும் சொல்லிடுவான்."

"யாரு, ரவேனியோவா?" ஜாவா சங்கத்து வகிமின் சிரித்தார். "அவன் வாயத் தொறக்கறதே சாப்பிடும்போதுதான். நெட்டைப் பய. எங்க வாசல்ல தெனமும் தலைய இடிச்சுக்குவான்."

தேவாலயச் சங்கத்து சிஸ்டர் ஹெர்மினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெட்டையா? என் இடுப்பு உயரம்தானே இருக்கான். பதிமூணு வயசுன்னு போட்டிருக்கு, பார்த்தா எட்டு கூட சொல்ல முடியாது. சத்து இல்லாத உடம்புன்னு அவனுக்கு மட்டும் நான் ரெண்டு முட்டை வெக்கிறேன்."

எனக்குத் தலை சுற்றியது.

"சரி, புதன்கிழமை மூணு மணிக்கு எங்க இருந்தான்?"

மூவரும் ஒரே குரலில் தங்களிடம் என்றார்கள்.

"பேயா இருக்குமோ?" என்றார் பிசேசர் அண்ணன்.

"பேய்க்கு எதுக்குண்ணே ரெண்டு முட்டை?" என்றார் வகிமின்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியில் தப்பா, இவர்கள் கண்ணில் தப்பா, ஒன்றும் விளங்கவில்லை. பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருந்த தாயார் வந்தால் தெரிந்துவிடும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோஃபினியா அமியெம்பா சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டம் போட்ட பாங்கித் துணி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழ். சான்றிதழை உறையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வீட்ல எத்தனை பிள்ளைங்கம்மா?"

"மூணு."

அவ்வளவுதான். அதற்குமேல் மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. படகில் ஒரு நாள் தொலைவில், ஆற்றின் மேல்பக்கத்து ஊரில் பிறந்த தங்கச்சி பிள்ளைகள். பிறந்தபோது யாரும் எங்கும் பதியவில்லை. படிக்கட்டும் என்று இவளிடம் அனுப்பிவிட்டார்கள். அந்த ஆற்று ஜனங்களிடம் தங்கச்சி பிள்ளை, தன் பிள்ளை என்று பிரித்துப் பேசும் வழக்கமே கிடையாது, வளர்க்கிறவள்தான் அம்மா. காகிதம் இல்லாமல் எந்தச் சங்கமும் சேர்க்காது. வீட்டில் இருந்ததோ ஒரே காகிதம். மூன்று பேருக்கும் அதையே காட்டி, ஆளுக்கொரு சங்கத்தில் விட்டுவிட்டாள். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பது சந்தைவரைக்கும் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

ஆனாலும் அப்பாடா என்றிருந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மூன்று பிள்ளைகள், ஒரு காகிதம். இதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும்.

"பயப்படாதீங்கம்மா. காகிதம் யாருதோ அவன் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். மத்த ரெண்டு பேரையும் அவங்கவங்க பேர்ல பதியறதுக்கு நான் எழுதித் தர்றேன். அதுவரைக்கும் சோறு நிக்காம பார்த்துக்கறோம்."

பிசேசர் அண்ணன் தலையாட்டினார். சிஸ்டரும்.

"அப்ப எங்க வாயாடிதானே ரவேனியோ?" என்றார் அண்ணன் ஆசையாக.

"இல்லீங்க. அவன் எட்மார்."

வகிமின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நெட்டைதான். எனக்குத் தெரியும்."

"அது சிலேனோ."

சிஸ்டர் ஹெர்மினாவின் முகம் மலர்ந்தது. முட்டை வீண் போகவில்லை என்ற சந்தோஷம்.

"குட்டி பேரு அபெனிங்க, சிஸ்டர்."

நான் விரல்விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். மூன்றுதான் வந்தது. இந்தக் காகிதம் யாருடையது என்று மறுபடியும் குழம்பிப்போனது எனக்கு.

"அப்ப ரவேனியோ எங்கம்மா? அவனுக்கு இடம் வேணாமா?"

அவள் காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். உறைக்குள் போட்டாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

"அவன் நான் பெத்தது. போன மழைக்கு, பாறைக்கு நடுவுல ஆறு பாயற எடத்துல படகு கவுந்துச்சு. உடம்பு கெடைக்கல. நான் போய் எங்கயும் பதியல."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பசங்க சோத்த வேணா நிறுத்திக்கோங்க, எப்படியாவது பார்த்துக்கறேன். பேர மட்டும் அடிச்சிடாதீங்கம்மா. தெனமும் மூணு எடத்துல ரவேனியோ அமியெம்பான்னு கூப்பிடுறாங்க. உள்ளேருந்து 'இருக்கேன்'னு ஒரு கொரல் வருது. ஒரு நாளைக்கு ஒரு வாசல்ல நின்னு அதக் கேட்டுட்டுதான் நான் சந்தைக்குத் திரும்பறேன்."