இருபத்தேழு சதவீதம்

“டேய் சகாயராஜ், ஒரு மணி நேரமா இருபத்தேழு பர்சென்ட்டுலயே நிக்குது. நீ மெக்கானிக்கா, வேடிக்கை பார்க்க வந்தவனா?”

உப்பள முதலாளி அரசப்பன் போட்ட சத்தத்தில் ஆபீஸ் தகரக் கூரையே அதிர்ந்தது.

காலையில் கரன்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டிஸ்க்கில் பிழை என்று திரையில் எழுத்து வந்து நின்றது. மரக்காணம் கடைத்தெருவிலிருந்து சகாயராஜை வரவழைத்தது அரசப்பன்தான்.

“எந்த ஃபைல் எங்க இருக்குதுன்னு டிஸ்க்கு ஒரு அட்டவணை வெச்சிருக்கும்ங்க. அது குழம்பிடுச்சு. அதைச் சரிபண்ற செக்கிங்தான் ஓடுது. நடுவுல நிறுத்தினா லிஸ்ட்டே போயிடும்.”

அந்த லிஸ்ட்டுக்காகத்தான் அதிகாரி வைஜெயந்தி வந்து உட்கார்ந்திருந்தார். உப்பளத் தொழிலாளர்களுக்கான மழைக்கால நிவாரணம். இன்றைக்குத்தான் கடைசி நாள். கையால் எழுதினால் மேலே வாங்க மாட்டார்கள். பிரிண்ட் எடுத்து ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

முப்பது பேர் வாசலில் நின்றார்கள். பதினோரு பெண்களைக் காணோம். மழையில் உப்பளத்தில் வேலையில்லை என்று பிரம்மதேசத்துக்கு நடவுக்குப் போயிருந்தார்கள்.

“ரெண்டு மணி பஸ்ஸுலதான் வர்றாங்களாம் மேடம்,” என்றாள் ஆபீஸில் டைப் அடிக்கும் வினோதினி.

“அதுவரைக்கும் என்னால உட்கார முடியாதும்மா. பிரிண்ட் வந்ததும் இருக்கிறவங்க கையெழுத்தை வாங்கிட்டுக் கிளம்பிடுவேன். வராதவங்க பேரை அடிச்சிடணும். அதான் ரூல்.”

“தாராளமா அடிங்க மேடம்!” அரசப்பன் பாய்ந்தார். “நாலு நாளா தொண்டை கிழிய சொல்லிட்டேன். எனக்கா நஷ்டம்?”

வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பதினோரு பேரில் முத்தம்மாள் பதினெட்டு வருஷமாக இவர் பாத்தியில் நின்று உப்புத் தண்ணீரில் கால் வெடித்தவள். அவள் பேரை அடிக்கவா இவ்வளவு தாராளம்?

பன்னிரண்டரைக்கு வைஜெயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அரசப்பன் சகாயராஜ் மேல் விழுந்தார்.

“பார்த்தியாடா? உன்னால மேடம் கிளம்புறாங்க! உப்பு விளையறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாதுடா. அந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயி கடல்ல போடு. கூடவே நீயும் குதி!”

சகாயராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

வைஜெயந்தி மறுபடி உட்கார்ந்தார். “விடுங்க சார், பாவம். அவரு என்ன பண்ணுவாரு? முடியட்டும், இருக்கேன்.”

“உங்க நல்ல மனசு மேடம். வினோதினி, மேடத்துக்குச் சாப்பாடு சொல்லு. இவனுக்குப் பச்சைத் தண்ணி குடுக்காத!”

ரெண்டு நாற்பதுக்குப் பதினோரு பெண்களும் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள்.

“வாங்க மகாராணிங்களே, இப்பதான் விடிஞ்சுதா? கால்ல சேத்தோட உள்ள வந்தீங்க, தெரியும் சேதி!”

இன்னும் இருபது நிமிஷம் கழித்து ஒருவழியாக நூறு பர்சென்ட் ஆனது. லிஸ்ட் பத்திரமாக இருந்தது. பிரிண்டில் நாற்பத்தோரு பேர், நாற்பத்தோரு கையெழுத்து. ஒரு பேர்கூட அடிபடவில்லை. வைஜெயந்தி நிம்மதியாகக் கிளம்பினார்.

வாசலில் பைக்கை எடுத்த சகாயராஜிடம் வினோதினி ஓடி வந்தாள்.

“அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. அவரு வாய் அப்படி. மனசும் அப்படித்தான்.”

சகாயராஜ் சிரித்தான்.

“அட நீ வேற. காலைல போன்லயே சொல்லிட்டாரும்மா: ‘டேய், பத்து நிமிஷத்துல முடியற செக்கிங்கைப் போட்டுத் தொலைக்காத. டிஸ்க்கு பூரா தடவிப் பார்க்குற நாலு மணி நேர செக்கிங்கைப் போடு. பொம்பளைங்க வந்து சேரணும். நான் கண்டபடி திட்டுவேன், நீ வாயைத் தொறக்காத!’”