ஊதக்கூடாது

பந்து ஏறவில்லை.

கந்தசாமி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூன்று நீலப் பந்துகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போகும். ஒன்று போனால் பரவாயில்லை, இரண்டு போனால் நல்லது, மூன்றும் போனால் வீட்டுக்குப் போகிற நாளைப் பற்றிப் பேசலாம் என்று பிசியோதெரபி தனசேகரன் சொல்லியிருந்தார்.

உணவுக்குழாயிலிருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்து ஐந்து நாளாகிவிட்டது. காலையில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டருக்கு முகமே சரியில்லை. நுரையீரலின் அடிப்பக்கம் விரியவில்லை, சளி கட்டுகிறது, நாளைக்குள் விரியாவிட்டால் மறுபடியும் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிய ஜெயம்மாள், இன்னும் திரும்பவில்லை. கணவரிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை.

கந்தசாமி மறுபடி ஊதினார். எச்சில்தான் குழாய்க்குள் போனது.

ரிஷிவந்தியம் பக்கம் அவர் கபடி ஆடிய காலத்தில், கோடு தாண்டிப்போய் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பும்வரை மூச்சு விடாதவர் என்று பெயர். இப்போது ஒரு மல்லாட்டைப் பருப்பின் எடைகூட இல்லாத பந்து அவரைப் பார்த்துச் சும்மா கிடந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த தைலம்மாள், இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சுவதுபோல உறிஞ்சச் சொன்னாள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெரியநாயகி, பீடி இழுப்பதுபோல இழுக்கச் சொன்னாள். தனக்கு அந்தப் பழக்கமே இல்லாமல் போய்விட்டது என்று கந்தசாமி வருத்தப்பட்டார்.

குழாயை மூக்கில் வைத்துப் பார்த்தார். தும்மல் வந்தது.

கடைசியில் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூன்று பந்துகளும் பொத்தென்று மறுமுனைக்கு வந்தன. ஏறிவிட்டது பார் என்று ஜெயம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வார்டே சிரித்தது. ஜெயம்மாளும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

“ஊதக்கூடாதுய்யா, இழுக்கணும். எத்தினி வாட்டி சொல்லிட்டுப் போனாரு அந்த சாரு. இன்னா ஆளுய்யா நீ, இங்க பாரு.”

மேஜைமேல் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்துக் குழாயை வாயில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள்.

முதல் பந்து ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது கொஞ்சம் நடுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

உடனே இருமல் வந்தது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினாள். கெட்டியாகச் சளி வந்து விழுந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தனசேகரன் வேகமாக உள்ளே வந்தார். கால்மாட்டில் தொங்கிய அட்டையில் ‘ஜெயம்மாள், வயது 58’ என்றிருந்தது. அதன் கீழே ஐந்து நாளும் ‘வலிக்குப் பயந்து மறுக்கிறார்’ என்றுதான் எழுதியிருந்தார். இன்றைய கட்டத்தில் ‘இரண்டு பந்து’ என்று எழுதினார்.

பிறகு கந்தசாமியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நோயாளிக்கு ஒன்று கொடுத்திருக்கும்போது மெடிக்கலில் இன்னொன்று எதற்கு வாங்கினீர்கள், உங்களுக்கும் மூச்சு ஏதாவது தொந்தரவா என்று கேட்டார்.

“எனக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறேன். கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன், தொடமாட்டேன்னுட்டா. ஆனா நான் ஒண்ணத் தப்பா செஞ்சா மட்டும் அவளால பாத்துக்கினு இருக்க முடியாது சார்.”

தனசேகரன் சிரிக்கவில்லை. இருமி முடித்ததும் அடுத்த வேலை நடைதான், இன்றைக்கே வராந்தாவில் பத்தடியாவது நடந்தாக வேண்டும், அதற்கும் அந்தம்மா ஒத்துக்கொள்வதாகத் தெரியவில்லை என்றார்.

கந்தசாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வார்டுக்குள் போனார்.