சட்டைப்பையில் அதிமதுரம்

கைப்பட்டையில் காற்று ஏற ஏற, கிரேன்காரனின் கால் தரையில் தாளம் போட்டது.

டாக்டரம்மா இரண்டாவது தடவையும் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிரஷர் போன மாதத்தைவிட ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டியும் ஏறியிருந்தது.

உடல்தகுதிச் சீட்டில் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் கிரேனில் ஏற முடியாது. இருபது மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பு உத்தரங்களைத் தூக்கி வைக்கிறவனை, கீழே கிடங்கில் ஆணி எடுத்துக் கொடுக்கப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பேசாமல் வேலையை விட்டுவிடலாம். விட்டுவிட்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவன் என்ன குறை வைத்தான்? உப்பை விட்டாயிற்று. மனைவி சமைப்பதெல்லாம் சப்பென்று இருக்கிறது, வாயைத் திறக்காமல் தின்கிறான். கூடவே அவளும் அதையேதான் தின்கிறாள், அவளுக்கு என்ன தலையெழுத்தோ. சிகரெட்டைத் தொட்டு ஏழெட்டு மாதமாகிறது. அப்படியும் கெண்டைக்காலில் சதை பிடித்து இழுக்கிறது. ஏணி ஏறினால் தொடை துவண்டு போகிறது. அதை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"வாயில என்ன?" என்றார் டாக்டரம்மா.

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி, கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை எடுத்துக் காட்டினான். அதிமதுரக் குச்சி. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் சப்பச் சொல்லி மனைவி கொடுத்தது. வேலை நேரம் முழுக்க வாயில்தான் இருக்கும் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். தொண்டைக்கட்டுக்கும் இருமலுக்கும் காலங்காலமாகக் கொடுக்கிற நல்ல மருந்துதான், ஆனால் அளவோடு, கொஞ்ச நாளைக்கு. இப்படி மாதக்கணக்கில் சாற்றை விழுங்கினால் பிரஷரை ஏற்றிவிடும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கிவிடும். கால் துவளும், இதயத்துக்கே ஆபத்து. இன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டுப் போ, குச்சியை இந்த நிமிஷமே நிறுத்து, சில வாரம் கழித்து வா, இறங்கியிருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்தச் சுள்ளியா இந்தப் பாடு படுத்தியது? பையில் மிச்சமிருந்ததை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டான்.

போட்ட பிறகுதான் மனைவியின் நினைவு வந்தது.

வெளியே பெஞ்சில் அவள் இருந்தாள், தையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு. காலையில் அந்தக் குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, சிம்பு குத்தாமல் முனையைச் சீவி, அவன் பையில் போட்டு அனுப்புகிறவள். "பாக்கெட் பாக்கெட்டா ஊதின மனுஷனை நான்தான் திருத்தினேன்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறவள். பால் பொங்கி வழிந்தாலே தன் தப்பென்று அரைநாள் பட்டினி கிடக்கிறவள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

கதவின் கைப்பிடியைப் பிடித்தான். விட்டான். மறுபடி பிடித்துத் திறந்தான்.

அவள் எழுந்து வந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"திட்டாதே. உனக்குத் தெரியாம சிகரெட் குடிச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் ஏறுதாம். இனிமே தொடவே மாட்டேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

நாலு பேர் பார்க்க மானத்தை வாங்கப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். வாங்கட்டும். வீட்டுக்குப் போய் உப்பில்லாத சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும்.

அவள் திட்டவில்லை.

"தினம் உங்க சட்டையை மோந்து பார்த்துட்டுத்தான் துவைக்கிறேன்" என்றாள்.

அவன் நிமிரவில்லை. நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு அவள் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"எனக்கு வலிக்கும்னாத்தான் நீங்க பொய் சொல்லுவீங்க" என்றாள் பிறகு. பெஞ்சின் விளிம்பைத் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தாள்.

"அந்தக் குச்சியா?"