சட்டைப் பையில் ஒருத்தி

உயிர்த்த ஞாயிறு முடிந்து பதினொரு நாளாகியும் சிமியோன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவன் பெண்சாதி மரியநாயகிக்கு வயிறு பற்றி எரிந்தது.

தவக்காலத்தில் அவன் குடிக்காமல் இருந்ததில் அவளுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அந்த நாற்பது நாளும் குருநகரில் எந்த ஆம்பிளைதான் குடித்தான்? ஆனால் திருநாள் முடிந்த மறுநாளே தெரு முழுக்கக் கள்ளுத் தவறணைக்கு ஓட, இவன் மட்டும் கடலிலிருந்து வந்ததும் குளித்து, தலை இழுத்து, பிள்ளைகளோடு இருந்து சோறு தின்கிறான் என்றால்? எவளோ ஒருத்தி சொல்லித்தானே கேட்கிறான்! பத்து வருசமாக இவள் கத்தியது காதில் ஏறவில்லையே.

பக்கத்து வீட்டு இராசாத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, சொல்லுறனெண்டு கோவிக்காதேங்கோ. எங்கடை இவர் கண்ணாலை கண்டவர். ஆரும் கிளாசை நீட்டினா, சிமியோன் அண்ணை சட்டைப் பொக்கற்றுக்கை இருந்து ஒரு படத்தை எடுத்துப் பாக்கிறாராம். பிறகு, வேண்டாமெண்டு எழும்பிப் போயிடுவாராம்.”

“ஆற்றை படம்?”

“ஆரோ பொம்பிளையாம். ‘நீங்கள் என்ன சொல்லுவியள்?’ எண்டு அதோடை கதைக்கிறவராம்.”

மரியநாயகி அகப்பையும் கையுமாக வேலியடிக்கு வந்தாள். அவளுக்கு ‘நீங்களாம்’! கட்டின பெண்சாதியை ஒருநாளாவது இப்படி மரியாதையாகக் கேட்டிருப்பானா இந்த மனுசன்?

“சண்டையாலை ஊருக்குள்ளை கமராப் பிலிமே வராத காலத்திலை, அந்த மகாராணிக்கு மட்டும் எங்காலை படம்?”

“புதுப்படமில்லையாமக்கா. மூலையெல்லாம் மடிஞ்சு பழசாம்.”

“அப்ப கனகாலத்துச் சிநேகிதம்!”

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த ஒழுங்கையில் இருந்த தாய் வீட்டுக்கு ஓடினாள்.

தாய் பெர்னடெட் மீன் விற்று வந்து கடகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தக் கடகத்தைச் சுமந்தே நாலு பிள்ளைகளை வளர்த்தவள். சுருட்டுக் கூடாது என்று டொக்டர் சொன்ன அன்றைக்கே எறிந்தவள், பிறகு அதை மணந்தும் பார்க்கவில்லை. பேரனின் ஞானஸ்நானத்துக்குச் சிமியோன் வெறியில் வந்து விழுந்தானே, அன்றோடு மருமகனுடன் பேச்சை நிறுத்தியவள். அதற்கும் ஒன்பது வருசமாகிவிட்டது.

“எணை அம்மா, என்ரை வாழ்க்கை போச்சுதணை!”

முழுக்கக் கேட்டு முடித்த பெர்னடெட் சீலையை இழுத்துச் செருகினாள். “நட பிள்ளை. உவனை இண்டைக்கு ஒரு கை பாக்கிறன்.”

சிமியோன் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மாமியாரைக் கண்டதும் துள்ளி எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான்.

“எடுங்கோ அந்தப் படத்தை!” மரியநாயகி அவன்மேல் பாய்ந்தாள். “எவளுக்காகவோ குடியை விட்டனீங்கள், எனக்காக ஒருநாள் விட்டியளே? எத்தினை இரவு அழுதனான்! நான் என்ன கல்லோ?”

“சொன்னா நீ சிரிப்பாய்,” என்று அவன் பொக்கற்றைக் கையால் பொத்தினான்.

“சிரிக்கிற நிலைமையிலையோ நான் நிக்கிறன்?”

அவன் கையைத் தட்டிவிட்டுப் படத்தை இழுத்தெடுத்தாள். பொலித்தீனில் சுற்றியிருந்தது, அடையாள அட்டைக்கு எடுக்கிற அளவில் சின்னப் படம். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

“ஆரடி அவள்?” பெர்னடெட் சத்தம் போட்டாள். “பேரைச் சொல்லு. இப்பவே போய் அவளின்ரை கொண்டையைப் பிடிச்சு, இந்தத் தெருவாலை இழுத்துக்கொண்டு வாறன்!”

சிமியோன் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்பது வருசத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளோடு பேசினான்.

“மாமி, நீங்கள் பாத்துக்கொண்டிருக்கேக்கை நான் எப்பிடிக் குடிக்கிறது?”