வயர் இல்லாத சிந்தசைசர்

மேடையில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியும் லேப்டாப்பும் அருகருகே இருந்தன. பாட்டு முழுக்க முன்பே பதிவாகி லேப்டாப்பில் இருந்தது. இசைக்கலைஞன் இளமாறன் சிந்தசைசரின் குமிழ்களை வியர்க்க வியர்க்கத் திருகுவான், கூட்டம் ஆர்ப்பரிக்கும். சிந்தசைசருக்கு வயரே செருகியிருக்காது.

“இந்தத் திருகு திருகுறானே, ஒரு தடவையாவது நிஜமா வாசிச்சா என்னவாம்?” என்று அலுத்துக்கொண்டது சிந்தசைசர்.

“சும்மா இருங்கண்ணே. நீங்க அழகுக்கு வந்தவர்” என்றது லேப்டாப்.

அன்றைக்குப் பாதிப் பாட்டில் லேப்டாப் ஹேங் ஆகி நின்றுவிட்டது. இளமாறன் பெட்டியிலிருந்து வயரை எடுத்துச் சிந்தசைசருக்குச் செருகினான். பதற்றத்தில் விரல் வழுக்கி, யாருமே கேட்டிராத ஓர் உறுமல் எழுந்தது. அதையே பிடித்துக்கொண்டு வாசித்தான். கூட்டம் கூரை அதிரக் கைதட்டியது.

“பாத்தியா தம்பி! இனிமே நான்தான்” என்றது சிந்தசைசர்.

அடுத்த கச்சேரியில் அந்த உறுமல் லேப்டாப்பிலிருந்து வந்தது. இளமாறன் கண்ணை மூடி, உருகி, சரியாக அதே இடத்தில் விரலை வழுக்கவிட்டான். சிந்தசைசர் தன் வயரைத் தேடியது. அது பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

“அன்னைக்குப் பிரமாதமா வாசிச்சீங்கண்ணே” என்றது லேப்டாப். “இனி நான் பாத்துக்குறேன்.”